இரண்டு துடிப்புக்கு மூன்று காலடி

மார்ச் 7 — 1.25
மார்ச் 21 — 2.5
ஏப்ரல் 4 — 5
மே 2 — 7.5
ஜூன் 6 — 10
ஜூலை 1 — 5

இது வாடகைக் கணக்கும் அல்ல, வட்டிக் கணக்கும் அல்ல. நீர் வழங்கல் துறையின் வாத்தியக் குழுவை நடத்தும் மாஸ்டருக்கு இதய டாக்டர் எழுதிக் கொடுத்த ஒரே ஒரு மாத்திரையின் அளவு, மில்லிகிராமில். ஐந்து படியாக ஏறிய தொகை ஒரு திங்கட்கிழமை காலையில் பாதியாகச் சரிந்தது. அந்தச் சரிவுக்குக் காரணம் டாக்டரும் அல்ல, மருந்தும் அல்ல. புதன்கிழமை.

மாஸ்டருக்கு ஐம்பத்தேழு வயது. பகலில் துறையின் பட்டறையில் தண்ணீர் மீட்டர் பழுது பார்ப்பார். ஓடாத மீட்டரை ஓட வைப்பதும், தறிகெட்டு ஓடும் மீட்டரை அடக்கி வைப்பதும் அவர் வேலை. புதன்கிழமை மாலையானால் எண்ணெய்க் கறையைக் கழுவிவிட்டு, வாத்தியம் நடத்தும் கோலைத் தோல் உறையோடு எடுத்துக்கொண்டு குழாய்க் கிடங்குக்குப் போய்விடுவார். அங்கேதான் ஒத்திகை. குழுவில் பதினோரு பேர். வால்வு திறப்பவர்கள், பம்பு ஓட்டுபவர்கள், பெரிய மத்தளத்தை அடிக்க ஒரு குமாஸ்தா. கிளாரினெட் வாசிப்பவன் பில் பிரிவில் வேலை செய்யும் அவருடைய சொந்த மைத்துனன், மனைவியின் தம்பி. மாஸ்டர் கைக்கு வந்த நாளிலிருந்தே அந்தக் கோலின் மேல் அவனுக்கு ஒரு கண் என்பது ஊரறிந்த விஷயம்.

வேகம் பிடிப்பதில் மாஸ்டருக்கு ஒரு தனி வழி இருந்தது. கோலை அக்குளில் இடுக்கிக்கொள்வார். வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடிப்பார். கண்ணை மூடித் தன் நாடியைக் கேட்பார். மெல்லிய பாட்டு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு தட்டு. அணிவகுப்புப் பாட்டு என்றால் இரண்டு துடிப்புக்கு மூன்று காலடி. குழுவின் முன்னால் நின்றால் அவர் நாடி நிமிடத்துக்கு எண்பது அடிக்கும். கால்கள் நூற்றிருபது எடுத்து வைக்கும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கணக்கு பிசகியதில்லை. தாளம் காட்டும் மரப்பெட்டி ஒன்றை யாரோ அவருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். ஊசல் ஆடி டக் டக் என்று அடிக்கும். "இதுக்கு நெஞ்சு இருக்கா? நெஞ்சு இல்லாததுக்கு வேகத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவர் ஒதுக்கிவிட்டார். மனைவி அதைத் தையல் அறையில் சன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்தாள். பள்ளிச் சீருடைகள் தைப்பது அவள் தொழில்.

பிப்ரவரி நடுவில், பட்டறையில் ஒரு மீட்டரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நாள் பெரிய ஆஸ்பத்திரி. அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் இதயம் களைத்துப் போயிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ரத்தம் உறையாமலிருக்க, கொழுப்பு குறைய, அழுத்தம் இறங்க, உடம்பில் தேங்கிய நீர் வடிய என்று நாலு விதமாக எழுதிக் கொடுத்தார்கள். நுரையீரலில் நீர் வற்றிய பிறகுதான், மார்ச் ஏழாம் தேதி, ஐந்தாவது மாத்திரை வந்தது.

"இதுதான் முக்கியமானது மாஸ்டர்" என்றார் இதய டாக்டரம்மா. ஐம்பது வயதுக்காரர். நெஞ்சுச் சத்தத்தைத் தவிர வேறு எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்காதவர் என்று பெயர். "உங்க இதயம் களைச்சுப் போச்சு. களைச்ச ஆளு ஓடிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? அதனால மெதுவா நடன்னு அதுக்குச் சொல்ற மாத்திரை இது. ஆனா ஒரேயடியா அதட்டினா பயந்து உக்காந்துடும். துளியூண்டுல ஆரம்பிச்சு, உங்க துடிப்பையும் அழுத்தத்தையும் பாத்துப் பாத்து ஏத்துவேன். முதல்ல கொஞ்சம் அசதியா இருக்கும். பொறுத்துக்கணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நீங்களா நிறுத்தக் கூடாது."

"நான் ஏன் டாக்டரம்மா நிறுத்தப் போறேன்?" என்றார் மாஸ்டர். அன்றைக்கு அவர் உண்மையாகத்தான் சொன்னார்.

ஒவ்வொரு முறையும் பார்த்து முடித்தபின் டாக்டரம்மா தெரு முனையிலிருக்கும் குடும்ப டாக்டருக்கு ஒரு கடிதம் அனுப்புவார். துடிப்பு இவ்வளவு, அழுத்தம் இவ்வளவு, மாத்திரை இனி இவ்வளவு என்று. அதன் நகல் மாஸ்டர் வீட்டுக்கும் தபாலில் வரும். மேலே உள்ள தொகைகள் அந்த நகல்களில் உள்ளவை.

இரண்டாவது படி ஏறியதுமே ஒத்திகையில் ஏதோ கோளாறு தட்டியது. மூன்றாவது படியில் அது ஊருக்கே கேட்டது.

கண்ணை மூடி நாடியைப் பிடித்துக் கோலைத் தூக்கினார் மாஸ்டர். வெற்றி அணிவகுப்புப் பாட்டு. அது சவ ஊர்வலம் போலப் புறப்பட்டது. கொம்பு ஊதுபவர் ஒரே சுரத்தை இழுக்க மூச்சுப் போதாமல் முகம் சிவந்தார். மத்தளக் குமாஸ்தா ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவில் கொட்டாவி விட்டு முடித்தார்.

மைத்துனன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுத்தான். "அத்தான், இது படையைக் கிளப்புற பாட்டா, பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டா?"

"எண்ணி வாசி மச்சான். உனக்கு எப்பவுமே அவசரம்."

"எண்ணித்தான் வாசிக்கிறேன். எண்ணி முடிச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தாலும் அடுத்த தட்டு வரல."

"எல்லாருக்கும் கால்ல சக்கரம் கட்டியிருக்கு இன்னைக்கு" என்றார் மாஸ்டர். அவருக்கு மனதார அப்படித்தான் தோன்றியது. ஊரே ஓடுகிறது, தான் மட்டும் நிதானமாக இருக்கிறோம் என்று. நாடியைச் சந்தேகிப்பது அவர் வழக்கத்தில் இல்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி தலைமை இன்ஜினியர் கிடங்குக்கு வந்தார். ஜூலை இருபத்தேழில் புதிய நீரேற்று நிலையத் திறப்பு விழா. குழு முன்னால் வாசித்துப் போக, ஊழியர்கள் பின்னால் நடந்து வரவேண்டும். அதை நடந்து பார்த்தார்கள். பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களின் குதிகாலை மிதித்தார்கள். ஒரு வால்வுக்காரரின் செருப்பு அறுந்தது.

"என்ன மாஸ்டர், நம்ம குழாய்ல தண்ணிதான் மெதுவா வருதுன்னு ஜனங்க திட்டுறாங்க. பாட்டுமா?" என்றார் இன்ஜினியர். பிறகு குரலைத் தணித்தார். "உடம்பு முடியலேன்னா சொல்லுங்க. தப்பில்ல. கோலை மைத்துனர் கையில கொடுத்துட்டு நீங்க நாற்காலி போட்டு உக்காந்து கேளுங்க."

நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பது! அன்றிரவு மாஸ்டர் சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிடித்த கோல். அது போனால் மிச்சமிருப்பது மீட்டரும் மாத்திரையும்தான்.

அடுத்த புதன்கிழமை ஒரு சின்ன விஷயம் நடந்தது. பட்டறையில் காலை டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்றைக்கு அவசர வேலை வந்து மறந்துவிட்டார். மாலையில் கோலைத் தூக்கினால், அடடா, பழைய வேகம் பாதிக்கு மேல் திரும்பி வந்திருந்தது! கொம்புக்காரர் சிரித்தார். குமாஸ்தா முழித்துக்கொண்டார். மைத்துனன் மட்டும் கொஞ்சம் வாடிப்போனான்.

வீட்டுக்குத் திரும்பிச் சட்டைப் பையில் கையை விட்டபோதுதான் மாத்திரை விரலில் பட்டது. மாஸ்டர் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். போட்டுக்கொள்ளவில்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை, டாக்டரம்மா முக்கியமானது என்று சொன்னதாயிற்றே. கோல் வைக்கும் தோல் உறைக்குள் போட்டு மூடினார்.

அதற்கப்புறம் புதன்கிழமைதோறும் மறதி வந்தது. தவறாமல் வந்தது.

இங்கேதான் சிக்கல். டாக்டரம்மா அவரைப் பார்க்கும் நாள் எப்போதும் வியாழக்கிழமை காலை. புதன்கிழமை மாத்திரை போகாத உடம்பு, வியாழக்கிழமை மாத்திரையை "பாத்துட்டு வந்து போட்டுக்கலாம்" என்று ஒத்திப்போட்ட உடம்பு. மே இரண்டாம் தேதி துடிப்பு எண்பத்தாறு.

"ஐஞ்சு மில்லிகிராமுக்கு இது அடங்கியிருக்கணுமே" என்றார் டாக்டரம்மா. "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறீங்கதானே?"

"எடுக்கிற நாளெல்லாம் ஒழுங்கா எடுக்கிறேன் டாக்டரம்மா."

இந்தப் பதிலில் பொய் ஒன்றும் இல்லை என்று மாஸ்டர் பிற்பாடு வெகுநாள் வாதாடினார். டாக்டரம்மா ஏழரையாக உயர்த்தினார். ஏழரை மில்லிகிராம் மற்ற நாட்களில் அவரை ஆளையே அசத்தியது. மீட்டரைக் கையில் பிடித்தபடி தூங்கினார். ஒரு நாள் மறந்தால் இப்போது வேகம் வரவில்லை. ஆகவே செவ்வாய்க்கிழமையும் மறக்க வேண்டி வந்தது. இரண்டு நாள் கடிவாளம் இல்லாத இதயம் ஜூன் ஆறாம் தேதி காலையில் தொண்ணூற்றிரண்டு அடித்தது. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பத்து மில்லிகிராம் எழுதினார். மருந்து ஏற ஏறத் துடிப்பும் ஏறும் நோயாளியை அவர் அதுவரை கண்டதில்லை.

"வீட்டுல தூங்கி வழியுறாரு டாக்டர்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை தட்டுல தலை வச்சுட்டாரு."

"துடிப்பு இவ்வளவு வேகமா இருக்குதேம்மா. தூக்கம் வேற எதனாலயாவது இருக்கும்" என்றார் டாக்டரம்மா. கைக்குக் கீழே எண்ணியது தொண்ணூற்றிரண்டு. எண்ணியதை வைத்துத்தானே எழுத முடியும்?

அடுத்த முறை ஜூலை நாலாம் தேதி, வியாழக்கிழமை, பார்க்க வேண்டியது. டாக்டரம்மா ஏதோ மாநாட்டுக்குப் போவதால் ஜூலை ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். போனை எடுத்தவள் மனைவி. சரி என்று சொல்லிவிட்டாள். மாஸ்டருக்கு முகம் போன போக்கைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி ஊசியில் நூல் கோத்தாள்.

திங்கட்கிழமை. வியாழன் முதல் ஐந்து நாள் தொடர்ந்து பத்துப் பத்தாகப் போன உடம்பு. டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். கருவியை மாட்டிப் பார்த்தார். கருவியின் மேலேயே சந்தேகம் வந்து நர்ஸின் விரலில் மாட்டிப் பார்த்தார். நர்ஸுக்கு எழுபத்தாறு. மாஸ்டருக்கு நாற்பத்தாறு.

"போன மாசம் தொண்ணூத்திரண்டு. இன்னைக்கு நாப்பத்தாறு. கணக்கா பாதி" என்றார் டாக்டரம்மா. அப்போதுதான் அவர் கீழே பார்த்தார். மாஸ்டரின் கால் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. உதடு ஏதோ ராகத்தை முனகியது. "என்ன அது?"

"அணிவகுப்புப் பாட்டு டாக்டரம்மா. பழக்கம். யாராவது நாடியைப் பிடிச்சா தானா வரும்."

"இது அணிவகுப்பா?" என்றார் டாக்டரம்மா. இசை தெரியாத அவருக்கே அது சரியில்லை என்று பட்டது.

மனைவி மடியில் வைத்திருந்த துணிப்பையைத் திறந்தாள். கோல் உறையை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கினாள். அது கிலுகிலுத்தது.

"ஒரு வாரமா இந்தக் கிலுகிலுப்பைக் கேட்டுக்கிட்டு இருக்கேன். வாய் திறந்து சொல்றாரான்னு பாத்தேன். நீங்களே கேளுங்க டாக்டர், எந்தப் பாட்டுக்கு இந்த வாத்தியம்னு."

உறையை மேசை மேல் கவிழ்த்தாள். பதினைந்துக்குக் குறையாத மாத்திரைகள், மூன்று அளவில், கோலோடு சேர்ந்து உருண்டன. மாஸ்டர் தரையைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்பது நாடி, நூற்றிருபது காலடி, அறுந்த செருப்பு, நாற்காலி, எல்லாம்.

டாக்டரம்மா சத்தம் போடுவார் என்று நர்ஸ் கதவைச் சாத்தினாள். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது.

"கேளுங்க மாஸ்டர். இந்த மாத்திரையை ஒரேயடியா விட்டா, அடக்கி வச்ச இதயம் முன்னைவிட வெறி பிடிச்சு ஓடும். அப்படி ஓடும்போதே நின்னு போன ஆளுங்களை நான் பாத்திருக்கேன். வாராவாரம் நீங்க அந்த விளிம்புல போய் நின்னு பாட்டு வாசிச்சிருக்கீங்க." மாத்திரைகளை ஒரு விரலால் ஒதுக்கினார். "என் மேலயும் தப்பு இருக்கு. எடுக்கிறீங்களான்னு கேட்டேன். எந்த நாள் எடுக்கலேன்னு கேக்கல. இந்தம்மா தூக்கத்தைச் சொன்னப்பவாவது கேட்டிருக்கணும். நான் ஒரு வியாழக்கிழமைக்கு மருந்து எழுதியிருக்கேன். ஆளுக்கு எழுதல."

ஐந்து மில்லிகிராம் என்று எழுதினார். "தினமும். புதன்கிழமையும். துடிப்பு அறுபதுல வந்து நிக்கும். உங்க இதயத்துக்கு அதுதான் நல்லது. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க."

"அறுபதுன்னா தொண்ணூறு காலடிதான் வரும் டாக்டரம்மா."

"உங்க வீட்டுல தாளப்பெட்டி ஏதும் இல்லையா?"

"சன்னலுக்கு முட்டுக் கொடுத்திருக்கு" என்றாள் மனைவி.

திரும்பும் பஸ்ஸில் அவள் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் மாஸ்டர் சமாதானத்துக்காக அவள் கையைப் பிடித்தார். அவள் உதறவில்லை, திரும்பவும் இல்லை. பழக்கதோஷம், அவர் கட்டைவிரல் தானாக நழுவி மணிக்கட்டின் உட்புறம் போய் நின்றது.

நின்ற விரல் நிமிர்ந்தது. மாஸ்டர் கண்ணை மூடினார். அவர் கால் பஸ்ஸின் தகரத் தரையில் தட்ட ஆரம்பித்தது. டக் டக் டக். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"செத்துப் போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். உங்களுக்குத் தாளம் வேண்டிக்கிடக்கா?"

"எண்பத்து ரெண்டு" என்றார் மாஸ்டர் பரவசமாக. "கொஞ்சம் கோவத்தைக் குறைச்சுக்கோ. ரெண்டு தட்டு அதிகமா இருக்கு."

அடுத்த புதன்கிழமை அவளும் கிடங்குக்கு வந்தாள். பாதி தைத்த சட்டைக் காலரோடு ஒரு தலைகீழ் வாளியின் மேல் உட்கார்ந்தாள். மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். குழுவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. பிரச்சினை என்னவென்றால், தைக்க உட்கார்ந்துவிட்டால் அவள் நாடி எழுபதுக்கு இறங்கிவிடும். அணிவகுப்புக்கு அது போதாது.

"அக்கா" என்றான் மைத்துனன் பின்னாலிருந்து, யாரும் கேட்காமலே. "போன வாரம் அத்தான் உன் தையலைப் பத்தி என்ன சொன்னார்னு தெரியுமா?"

"என்ன சொன்னார்?"

"ஆ! எண்பது!" என்றார் மாஸ்டர், கோலைத் தூக்கினார். பாட்டு சீறிக்கொண்டு கிளம்பியது. கோலுக்கு ஆசைப்பட்டவன் கோலைக் காப்பாற்றிக் கொடுத்ததை எண்ணி மைத்துனன் பாதிப் பாட்டில் ஒரு சுரத்தைத் தப்பவிட்டான்.

ஜூலை இருபத்தேழு. புதிய நீரேற்று நிலையத்தின் வாசலில் வண்ணத் துணி கட்டியிருந்தார்கள். ஊழியர்கள் நாலு வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் புதுச் செருப்பு. மனைவி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் போய் நாடியைப் பிடித்தார். அறுபத்தெட்டு. கணவனைச் சீருடையில் கண்ட பெருமையில் அவள் நிறைந்து போய், குளம் மாதிரி அமைதியாக இருந்தாள். தலைமை இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். மைத்துனன் உதட்டைப் பிதுக்கினான், அவனிடம் புதிதாகக் கோள் எதுவும் கைவசம் இல்லை.

மாஸ்டர் குனிந்து அவள் காதில் சொன்னார். "காலையில மாத்திரை போட மறந்துட்டேன்."

"என்னது?"

எண்பது. கோல் உயர்ந்தது. குழு கிளம்பியது, பின்னாலே நாலு வரிசையும் ஒரே காலாகக் கிளம்பியது. ஒரு குதிகால் மிதிபடவில்லை. தெருக் கோடிவரை போய்த் திரும்பி வந்தபின், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்த மனைவியிடம் காலி அட்டையைக் காட்டினார். அன்றைய மாத்திரை அன்று காலையிலேயே உள்ளே போயிருந்தது. அதற்குப் பிறகு அவர் வாங்கிய திட்டை இங்கே எழுத வேண்டியதில்லை. குழு முழுக்கக் கேட்டது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். செப்டம்பரில் மனைவிக்குத் தலைவலி என்று குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனார். கூடவே நின்று ஒரு கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் மறு கையைப் பிடித்து எண்ணினார். தொண்ணூற்றாறு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தார். தொண்ணூற்றெட்டு. "உங்களை ஒரு தடவை இதய டாக்டர் பாத்துடட்டும்மா. தேவைப்பட்டா துடிப்பைத் தணிக்க ஒரு மாத்திரை ஆரம்பிக்கலாம்" என்றார்.

மாஸ்டருக்கு வியர்த்தது. "எந்த மாத்திரை டாக்டர்?"

"நீங்க போடுறீங்களே, அதேதான்."

அவள் இதயத்துக்கு ஏதாவது என்றால் என்ன செய்வது என்று முதலில் பயந்தார். பயந்து முடித்த பிறகு, குழுவையும் நினைத்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா மாஸ்டரை வெளியே போகச் சொன்னார். பிறகு உள்ளே கூப்பிட்டார். மறுபடி வெளியே போகச் சொன்னார். முகத்தில் எதையும் காட்டவில்லை. "ரத்தப் பரிசோதனை வரட்டும். கடிதம் அனுப்புறேன்" என்றதோடு சரி.

கடிதம் வரும்வரை மாஸ்டர் அவளை வாளி தூக்க விடவில்லை, படி ஏற விடவில்லை, கோபப்படவும் விடவில்லை. புதன்கிழமை ஒத்திகையில் மெல்லிய பாட்டுகளாகவே வாசித்தார்கள். மைத்துனன் எதற்கும் இருக்கட்டும் என்று தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான்.

கடைசியில் வந்த கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: "இந்த அம்மாளின் இதயம், ரத்தம் இரண்டிலும் குறை இல்லை. கணவர் வெளியே இருந்தபோது துடிப்பு எழுபத்திரண்டு. கணவர் உள்ளே வந்து கையைப் பிடித்தபோது தொண்ணூற்றெட்டு. இருமுறையும் அப்படியே. மருந்து எதுவும் எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். கணவருக்கு அதே ஐந்து மில்லிகிராம் தொடரட்டும். இனி இருவரும் ஆண்டுக்கு ஒரு முறை வந்தால் போதும். எந்தக் கிழமை வேண்டுமானாலும் வரலாம்."

மாஸ்டர் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினார். "முப்பது வருஷம் ஆகியும் இப்படி அடிக்குது பாரு" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு.

"அது ஆசையில அடிக்கல. அடுத்து என்ன பண்ணித் தொலைப்பீங்களோன்னு அடிக்குது" என்றாள் மனைவி. ஆனால் நீட்டிய கையை எடுத்துக்கொள்ளவில்லை.

கடிதம் வந்து சேர்ந்தது அக்டோபர் 17, வியாழக்கிழமை.